உம் கொட்டும் ஃபிரிட்ஜ்

"அந்த ஆளை மட்டும் நான் நேர்ல பார்த்தேன்னு வைங்க, ரெண்டு கேள்வி கேக்காம விடமாட்டேன்."

இதைச் சொன்னவர் கன்னம் வீங்கிய ஓர் அம்மாள். பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், சுவரில் மாட்டியிருந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வலி அவர் வாயைக் கட்டிப்போடவில்லை.

"என்ன கேப்பீங்க?" என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்தவள். போனை எடுப்பது, நேரம் கொடுப்பது, வர மறந்தவர்களுக்கு நினைவூட்டுவது, பயந்தவர்களிடம் வலிக்காது என்று பொய் சொல்வது, இவையெல்லாம் அவள் வேலை.

"உன் வாய்க்குத் தாழ்ப்பாளே கிடையாதாய்யான்னு கேப்பேன். பாவம் அந்தப் பொண்ணு. எத்தனை நாளைக்குத்தான் பொறுத்துப் போவா?"

"அவர் வேணும்னு செய்யறதில்லையே."

"வேணும்னு செஞ்சா நாலு அறை விட்டுக் கேக்கலாம். இவன் பிரியத்துல செய்யறான். பிரியத்துல செய்யறவனை என்ன பண்றது, சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் எப்படி?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

உள்ளே யாருடைய பல்லையோ குடைந்துகொண்டிருந்த டாக்டர் இருமினார். அவருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். டிவியில் வந்த அந்த ஆள்தான் அவளுடைய கணவர்.

தொடரில் அந்தப் பாத்திரத்துக்கு ஒரு பெயர் இருந்தது. யாருக்கும் நினைவில்லை. ஓட்டைவாய் என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தங்கமான மனசு, தாழ்ப்பாள் இல்லாத வாய். மனைவி ரகசியமாகச் சொன்னதை, அவளைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு, விருந்தாளிகள் முன்னால் கொட்டிவிடுவான். அவள் முகம் சுருங்கும். ஏன் சுருங்கியது என்று ஊரையே விசாரிப்பான். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பான், அவள் சிரித்துவிடுவாள். தினமும் இதுதான் கதை. மேசைக்குப் பின்னால் இருப்பவள் யாருடைய மனைவி என்பதை வருகிறவர்களிடம் சொல்ல வேண்டாம் என்றிருந்தார் டாக்டர். சொன்னால், பல்லைக் காட்ட வந்தவர்கள் எல்லாரும் மேசையிலேயே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுவார்களாம்.

போன் அடித்தது. யாரோ நேரம் மாற்றக் கேட்டார்கள். "ஒரு நிமிஷம், பார்த்துச் சொல்றேன்" என்றவள் நிமிர்ந்தபோது, திரையில் ஓட்டைவாயின் மனைவி சமையலறைக்குள் வந்தாள். ஃபிரிட்ஜின் கதவில் உள்ளங்கையை வைத்தாள். நோயாளியின் நெற்றியில் கை வைப்பதுபோல.

"நான் பேசினது தப்புதான்," என்றாள் அந்த நடிகை ஃபிரிட்ஜிடம். "கோபத்துல வந்துடுச்சு. நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் பேசறேன். நீ ம்னு மட்டும் சொல்லு. அது போதும் எனக்கு."

ஃபிரிட்ஜ், "ம்ம்ம்" என்றது.

கதவுக்குப் பின்னாலிருந்து ஓட்டைவாய் எட்டிப் பார்த்தான். முகமெல்லாம் பூரிப்பு. கூடத்தில் இருந்த விருந்தாளிகளைப் பார்த்துக் கத்தினான். "எல்லாரும் இங்க வாங்க, சீக்கிரம். என் பொண்டாட்டி ஃபிரிட்ஜ்கிட்ட மன்னிப்பு கேக்கறா."

காத்திருப்பு அறை குலுங்கிச் சிரித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாளும் சிரித்தார். "ஐயோ, சிரிச்சா வலிக்குதே. மறை கழண்டுடுச்சு அந்தப் பொண்ணுக்கு."

போனில் இருந்தவர், "ஹலோ, ஹலோ, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

* * *

அந்தத் தொடரில் ஒரு வழக்கம். மற்றவர்களுக்கு வசனம் எழுதிக் கொடுப்பார்கள். ஓட்டைவாய் பேச வேண்டிய இடத்தில் மட்டும் தாளில் வெற்றிடம் விட்டு, 'இங்கே அவர் பேசுவார்' என்று போட்டிருப்பார்கள். ஆரம்பத்தில் ஒரு நாள் வசனத்தை மறந்துபோய் அவர் சொந்தமாக எதையோ உளற, அது எழுதியதைவிட நன்றாக இருந்துவிட்டது. அன்றிலிருந்து அப்படியே. வெற்றிடத்தை நிரப்ப அவர் எங்கே போவார்? வீட்டுக்குத்தான். அவள் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கண்ணாடி தேடியது, முட்டி வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கையில் முட்டியையே திட்டியது, எல்லாம் ஏதாவது ஒரு நாள் திரையில் வந்துவிடும். அவளும் சிரித்துவிட்டுப் போவாள். "உங்களுக்குச் சோறும் போட்டு வசனமும் போடறேன்" என்பாள்.

ஃபிரிட்ஜ் விஷயம் நடந்தது ஒரு காலை வேளையில். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. கீழ் வீட்டுக்காரரிடம் அவர், "என் மனைவி தலைக்குச் சாயம் பூசறதைப் பார்க்கணும் சார், பெயின்டர் தோத்தான்" என்று மெச்சிக்கொண்டிருந்தது மாடிப்படியில் அவள் காதில் விழுந்துவிட்டது.

"டிவியில ஓட்டைவாய், வீட்டுலயும் ஓட்டைவாய். இங்க எதுக்குச் சம்பளம் இல்லாம வேஷம் கட்டறீங்க?"

"பாராட்டித்தானேம்மா சொன்னேன்."

"நீங்க பாராட்டினா எனக்கு வெளியில தலை காட்ட முடியலை. அந்தத் தலையைத்தான் பாராட்டறீங்க."

அவர் முகம் கழுவப் போனார். சோப்பு நுரையோடு குழாயை மூடியபோது சமையலறையில் அவள் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தார். ஃபிரிட்ஜில் கை வைத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். நான் பேசினது தப்புதான், கோபத்துல வந்துடுச்சு.

பழைய ஃபிரிட்ஜ் அது. ஓடும்போது சுதி சேர்ப்பதுபோல ஒரு முனகல். கஷ்டமான போன் எதையும் பேசுவதற்கு முன்னால் அவள் அதனிடம் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள் என்பது அவருக்குத் தெரியும். "வீட்டுல அது ஒண்ணுதான் நடுவுல பேசாம உம் கொட்டுது" என்பாள்.

நுரை கண்ணில் எரிய நின்றுகொண்டிருந்த அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடடா, திட்டிவிட்டோமே என்று வருத்தப்படுகிறாள். என்னிடம் மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்க்கிறாள். இத்தனை வருஷம் கழித்தும். 'நீ' என்று சொன்னதை மட்டும் கவனித்தார். ஃபிரிட்ஜ் வயதில் சின்னது, அதனால் இருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் கிடைத்தது.

அன்றைய படப்பிடிப்பில், வெற்றிடம் வந்ததும் திரை மனைவியிடம் வசனத்தைச் சொல்லிக் கொடுத்தார். டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"எங்க சார் பிடிச்சீங்க இதை?"

"எல்லாம் வீட்டு விளைச்சல்தான்."

திரை மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணா, இது அண்ணி சொன்னதா?"

"ஆமாம்மா."

"அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா சர்ப்ரைஸ் போயிடுமே. பார்த்துட்டு என்ன சந்தோஷப்படுவா தெரியுமா?"

"எனக்கு என்னவோ பயமா இருக்கு," என்றாள் அவள். "நாளைக்கு என் வீட்டுக்காரர் யார்கிட்டயாவது போய் நான் தூங்கறப்ப வர்ற குறட்டையைப் பாராட்டினா, நான் சந்தோஷப்பட மாட்டேன்."

* * *

காட்சி ஒளிபரப்பான அன்று அவர் வீட்டில் காத்திருந்தார். சாப்பாட்டு மேசையைத் துடைத்து வைத்திருந்தார். அது அவர் சாதாரணமாகச் செய்கிற காரியம் இல்லை. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எப்படி?"

அவள் பையை ஆணியில் மாட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கு நீ பேசினது எல்லாம் கேட்டேன்," என்றார் அவர், அருகில் வந்து. "அதை நேர்ல என்கிட்டச் சொல்லக் கூச்சப்பட்டு நிறுத்திட்ட. நான் மன்னிச்சிட்டேன்னு உனக்குத் தெரியட்டும்னுதான் அப்படி வச்சேன். உலகத்துக்கே தெரியட்டுமே, எப்பேர்ப்பட்ட மனசு உனக்குன்னு."

"உங்ககிட்டயா?"

"பின்ன?"

"உங்களை என்னைக்குங்க நான் நீன்னு கூப்பிட்டிருக்கேன்?"

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இது அபூர்வம்.

"தலைச்சாயத்துக்கு நான் ஏன் மன்னிப்பு கேக்கணும்? அதுக்கு நீங்கதான் கேக்கணும். இன்னும் கேக்கலை."

"அப்ப... யார்கிட்ட?"

"சின்னவகிட்ட."

அவருக்குப் புரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் பிறந்த வீட்டுக்கு இரண்டே பெண்கள், பெரியவளான அவளும் சின்னவளும். அப்பா படுத்த படுக்கையாக இருந்த காலமெல்லாம் சின்னவள்தான் பார்த்துக்கொண்டாள். பெரியவள் விடுமுறைக்கு வந்து போனாள். அப்பா போன அன்று, வந்திருந்த எல்லார் முன்னாலும், பெரியவள் தங்கையைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். பக்கத்துலயே இருந்தும் நீ பார்க்கலையே. சின்னவள் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அக்காவிடம் அவள் எதுவுமே சொல்லவில்லை. வருஷங்கள் ஆகிவிட்டன.

"மாசக் கடைசியில அவ வீட்டை மாத்திக்கிட்டுப் போறாளாம். மாப்பிள்ளைக்கு மாற்றலாம். கடல் தாண்டி. நாலு பேர் வாய் வழியா எனக்குத் தெரிஞ்சுது. போறதுக்குள்ள பேசிடணும்னு, ஒரு வாரமா அந்த நாலு வரியைச் சேர்த்து வச்சேன். இன்னைக்கு வேலை முடிஞ்சதும் அங்கிருந்தே போன் பண்றதா இருந்தேன்."

"பண்ணேன். இப்பவே பண்ணு. இந்தா போன்."

"என்னன்னு சொல்லிப் பண்ண?" அவள் குரல் ஏறவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "நான் பேசினது தப்புதான்னு சொன்னா, அடுத்த வரியை அவளே சொல்லுவா. ஊரே சொல்லும். அங்க கன்னம் வீங்கின ஒரு அம்மா சிரிச்சு சிரிச்சு அழுதாங்க. என்கிட்ட இருந்ததே அந்த நாலு வரிதாங்க. அதை நீங்க செலவு பண்ணிட்டீங்க."

அவர் தலையைச் சொறிந்தார். பழக்கதோஷம். டிவியில் இந்த இடத்தில்தான் மனைவி சிரிப்பாள்.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பாலைச் சுட வைத்தாள்.

* * *

மறுநாளிலிருந்து வீட்டில் பேச்சு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. அவர் பேசினார். அவள் "ம்" என்றாள்.

"துவைச்சதை எடுத்துட்டேன்."

"ம்."

"இன்னைக்குச் சீக்கிரம் வந்துடுவேன்."

"ம்."

கோபமும் இல்லை. சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது, சட்டையில் பித்தான் சரியாக இருந்தது. ஆனால் முட்டியைத் திட்டுவதில்லை, கண்ணாடியிடம் கோபித்துக்கொள்வதில்லை, ஃபிரிட்ஜைத் திறந்து வேண்டியதை எடுத்து மூடினாள், அவ்வளவுதான். பேசினால் திரைக்குப் போய்விடும் என்று பயந்த வீடு அது. ஃபிரிட்ஜ்கூட யாரும் கேட்காமல் தனியாக முனகிக்கொண்டிருந்தது.

படப்பிடிப்பில் நேர்மாறு. ஃபிரிட்ஜ் பிரபலமாகிவிட்டது. டைரக்டர் தாளை நீட்டினார். பாதிப் பக்கத்துக்கு வெற்றிடம்.

"சார், ஜனங்க ஃபிரிட்ஜ் ஃபிரிட்ஜ்னு உயிரை விடறாங்க. இன்னைக்கும் அதுதான். பிச்சு உதறுங்க."

அவர் திரை மனைவியை ஓரமாக அழைத்தார். நடந்ததைச் சொன்னார். பிறகு, கண்ணில் ஒரு வெளிச்சத்தோடு, "எனக்கு ஒண்ணு தோணுதும்மா" என்றார். "இன்னைக்கு வெற்றிடத்துல நான் நேரா கேமராவைப் பார்த்துப் பேசிடறேன். தங்கச்சி, உங்கக்கா உண்மையாவே வருத்தப்படறா, அது வசனம் இல்லை, நான்தான் திருடிட்டேன்னு சொல்லிடறேன். சின்னவளும் பார்ப்பா, ஊரும் பார்க்கும். எப்படி?"

திரை மனைவி அவரைப் பார்த்தாள். காலையிலிருந்து போட்டிருந்த மேக்கப்பில் அவள் நெற்றி சுருங்கியது அழகாகவே இருந்தது.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. ஓட்டையை இன்னொரு ஓட்டை போட்டா அடைப்பாங்க?"

"நல்லதுக்குத்தானே."

"உங்க பாத்திரம் இதுவரைக்கும் கெட்டதுக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கா? எல்லாம் நல்லதுக்குத்தான். அண்ணி பேச வேண்டியதை ஒருதரம் நீங்க பேசித்தானே இவ்வளவும். மறுபடியும் நீங்களே பேசறீங்களே."

விளக்குகள் எரிந்தன. காட்சி தொடங்கியது. வெற்றிடம் வந்தது. எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் திறக்கவில்லை. ஃபிரிட்ஜின் மேலிருந்த தூசியைத் துண்டால் துடைத்தார். திரை மனைவி அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். சும்மா நின்றார்.

"கட். என்ன சார் ஆச்சு? பேசுங்க."

"இந்த இடத்துல அவனுக்குப் பேச்சு வேணாம் சார்."

"ஓட்டைவாய்க்குப் பேச்சு வேணாமா? கடல்ல தண்ணி வேணாங்கற மாதிரி இருக்கு."

"ஃபிரிட்ஜும் வேணாம். ரிப்பேருக்குப் போயிடுச்சுன்னு எழுதிக்குங்க. வீட்டுல கேட்டதை இனிமே கேட்டுட்டுத்தான் கொண்டு வருவேன். அது கஷ்டம்னா, எனக்கும் எல்லாரையும் போல வசனம் எழுதிக் கொடுத்துடுங்க. மனப்பாடம் பண்ணிக்கறேன்."

டைரக்டர் கையிலிருந்த தாளால் விசிறிக்கொண்டார். "இந்த வயசுல உங்களுக்கு மனப்பாடமா?" என்றார் கவலையோடு. ஆனாலும் ஃபிரிட்ஜை நகர்த்தச் சொன்னார்.

* * *

அவள் லீவு போட்ட நாள் அது. காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். முனகல் நின்றது.

"என்ன பண்றீங்க? பால் கெட்டுப்போயிடும்."

"கொஞ்ச நேரம்தான். முதல்ல ஒண்ணு. தலைச்சாயத்தைப் பத்திக் கீழ் வீட்டுல சொன்னது தப்பு. மன்னிச்சிடு."

அவள் கத்தியை நிறுத்தினாள்.

"ரெண்டாவது, அதோட வேலையை இன்னைக்கு நான் பார்க்கறேன். நீ பேசு. நான் ம் மட்டும் சொல்றேன்."

"உங்களால முடியுமா?"

"முடியும். எப்படின்னா, படப்பிடிப்புல நேத்து முழுக் காட்சியும் நான்..."

"ஃபிரிட்ஜ் பதில் பேசாது."

"ம்," என்றார்.

அவள் மறுபடியும் காயைப் பார்த்தாள். நறுக்கவில்லை. மெல்ல ஆரம்பித்தாள். "எப்படி இருக்கேடின்னு கேக்கணும். அது முதல்ல."

"ம்."

"கேட்டா, இப்பதான் நினைப்பு வந்துச்சான்னு கேப்பா."

"அதுக்கு நீ என்ன சொல்லணும்னா..."

அவள் பார்த்தாள். அவர் இரண்டு உதடுகளையும் விரலால் பிடித்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கினாள், ஆனால் அவர் பார்த்துவிட்டார். பார்த்ததையும் சொல்லாமல் விழுங்கினார்.

"வேற வரி ஒண்ணும் கிடைக்கலைங்க," என்றாள். "யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் வசனம் மாதிரி இருக்கு."

"ம்."

"அப்ப வரி இல்லாமலே பண்ணிடவா?"

சொல்வதற்கு அவரிடம் ஆயிரம் இருந்தது. காது சிவந்தது. "ம்," என்றார்.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"ஹலோ," என்றது அந்தக் குரல். கொஞ்சம் தடித்துப் போயிருந்தது.

"நான்தான்."

"தெரியுது."

"எப்படி இருக்கே?"

"மூட்டை கட்டிட்டு இருக்கேன்." ஏதோ டேப்பைக் கிழிக்கிற சத்தம். "உனக்கு முட்டி வலி எப்படி இருக்கு?"

"முட்டி வலி உனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் தினம் டிவியில சொல்றாரே மாமா. நீ கண்ணாடி மாத்தினது, முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கறது, பால்காரனோட சண்டை போட்டது, எல்லாம் தெரியும். அந்த அசட்டுத் தொடரை நான் வேற எதுக்குப் பார்க்கறேன்?"

பெரியவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டூலில் இருந்தவர் பாதி எழுந்து, திரும்ப உட்கார்ந்தார்.

"ஃபிரிட்ஜ்கிட்டப் பேசினதையும் பார்த்தேன்," என்றாள் சின்னவள். "நீதான்னு உடனே தெரிஞ்சுது. அந்த மாதிரி நாலு வரி யோசிக்க மாமாவுக்கு வராது. டிவியை அணைச்சிட்டேன். ஊருக்கெல்லாம் கேட்டுச்சு. எனக்கு மட்டும் சொல்ல உனக்கு வாய் வரலை, அதான் அவர் மூலமா சொல்லி அனுப்பறியோன்னு நினைச்சேன். அழுகையா வந்துச்சு. இங்க எல்லாரும் சிரிச்சாங்க."

"நான் சொல்லி அனுப்பலைடி."

"பின்ன?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தன்னைக் காட்டிக் கொடுக்கச் சொல்லித் தலையை ஆட்டினார். அவள் காட்டிக் கொடுக்கவில்லை.

"அதை விடு. அந்த வரி வேண்டாம். கோபத்துல வந்துடுச்சுன்னு அதுல இருக்கு, அது பொய். அன்னைக்கு எனக்குக் கோபம் இல்லை. வெட்கம். நீ எல்லாத்தையும் பார்த்தே. அப்பாவுக்கு மருந்து, துணி, நடுராத்திரிப் பேச்சு எல்லாம். பார்க்காதது நான்தான். வந்தவங்க என்னைக் கேக்கறதுக்கு முன்னாடி, நான் முந்திக்கிட்டு உன்னைக் கேட்டேன்."

டேப் சத்தம் நின்றுவிட்டது. சமையலறையில் ஃபிரிட்ஜும் ஓடவில்லை. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"ம்," என்றாள் சின்னவள். ரொம்ப நேரம் கழித்து, இன்னொரு முறை, "ம்."

பெரியவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"கிளம்பறதுக்கு முன்னாடி வா," என்றது போன். "அப்பாவோட நாற்காலியை எங்க போடறதுன்னு தெரியலை. நீ எடுத்துட்டுப் போ. ஆமா, அங்க பக்கத்துல யாரு புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடறது? மாமாவா?"

"இல்லைடி. ஃபிரிட்ஜ்."

"அப்படியா? நல்லா இருக்கான்னு கேட்டேன்னு சொல்லு. ஏதாவது பேசச் சொல்லேன், கேப்போம்."

அவர் வாயெல்லாம் சிரிப்பாக மனைவியைப் பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார். அவள் கொஞ்சம் யோசித்தாள். ஈரமான கண்களோடு, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"ம்ம்ம்," என்றார் அவர், சுதி பிசகாமல்.